மகாராஜா நடந்து வந்த பெல் வியூ

மான்செஸ்டர் அருங்காட்சியகத்தில் 'மகாராஜா' என்னும் ஆசிய யானையின் எலும்புக்கூடு நிற்கிறது. மண்டையோட்டின் நடுவே தும்பிக்கை பொருந்தியிருந்த அகன்ற துளையைக் கண் என்று எண்ணி ஒரு சிறுமி தன் தாயிடம் காட்டிக்கொண்டிருந்தாள். என் பார்வை கால் எலும்புகளை விட்டு நகரவில்லை. 1872-இல் எடின்பரோவில் 680 பவுண்டுக்கு ஏலம்போன இந்த யானை, ஏற்றிய ரயில் பெட்டியை உடைத்துவிட்டதால், பராமரிப்பாளர் லொரென்சோ லாரன்சுடன் பத்து நாள் நடந்தே மான்செஸ்டர் வந்து சேர்ந்தது. வழியில் சுங்கக் கட்டணத் தகராறு முற்றியபோது அது சாவடிக் கதவையே பெயர்த்தெடுத்ததாகச் சொல்வார்கள். அந்தக் காட்சியை ஹேவுட் ஹார்டி ஓவியமாகத் தீட்டியிருக்கிறார்.

அந்த யானையை வாங்கியது, மான்செஸ்டரில் பெல் வியூ என்ற விலங்குக்காட்சிச் சாலையையும் கேளிக்கைப் பூங்காவையும் நடத்திய ஜென்னிசன் குடும்பம். ஜான் ஜென்னிசன் 1836-இல் பெல் வியூவைத் தொடங்கினார். ஆறே ஆண்டுகளில் கடன் அவரைத் திவாலின் விளிம்புக்குக் கொண்டுபோய் நிறுத்தியது. அருகே ரயில் பாதை வந்த பிறகுதான் கூட்டம் பெருகியது. ஆலைத் தொழிலாளர்கள் விடுமுறை நாளில் குடும்பத்தோடு வந்து பகலில் விலங்குகளையும், இரவில் பிரம்மாண்டமான திரைச்சீலையின் முன் நிகழ்ந்த வாணவேடிக்கைப் போர்க்காட்சிகளையும் பார்த்தார்கள். உச்சத்தில் அது 165 ஏக்கரில் பரவி, ஆண்டுக்கு 20 லட்சம் பேருக்கு மேல் ஈர்த்தது.

1925-இல் குடும்பம் அதை விற்றது. 1956-இல் உணவக, விடுதித் தொழிலதிபர் சார்லஸ் ஃபோர்ட்டேயின் கைக்குப் போனது. ஆண்டுக்கு ஒரு லட்சம் பவுண்டு நட்டம் என்று காட்டி, 1977 செப்டம்பர் 11-இல் விலங்குகளின் பகுதியை மூடினார்கள். யானையும் சிங்கமும் கேளிக்கைப் பூங்காவின் கணக்கேட்டில் ஒரு செலவுத் தலைப்பாக மாறிய பின், நட்டம் வரும்போது முதலில் விழுவது அந்தத் தலைப்புதான் என்பது என் எண்ணம்.

மறுநாள், பெல் வியூ இருந்த ஹைடு சாலைக்குப் போனேன். பழைய வளாகம் குடியிருப்பாகிவிட்டது. பேருந்து நிறுத்தத்தில் அருகில் அமர்ந்திருந்த மூதாட்டியிடம் பேச்சுக் கொடுத்தபோது, சிறுவயதில் அங்கே யானைச் சவாரி போனதைச் சொன்னார். யானையின் முடி காலுறையையும் தாண்டிக் குத்தியதாம். சொல்லும்போதே குனிந்து கெண்டைக்காலைத் தடவிக்கொண்டார்.