புறநானூறும் பதுங்குகுழியும்

புறநானூற்றை நாங்கள் படித்த ஆண்டுகளில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இருக்கவில்லை. 1990 இல் போர் மீண்டும் மூண்டபின் மண்ணெண்ணெயும் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் ஒன்றாகிவிட, ஜாம் போத்தலுக்குள் சிறிது பஞ்சை வைத்துச் சில துளி எண்ணெயில் எரியவிட்ட விளக்கே எங்கள் படிப்பு விளக்காயிற்று. நாளிதழ்கள்கூடக் கோடிட்ட கொப்பித்தாளில் அச்சாகி வந்த காலம் அது. அந்த வெளிச்சத்தில், குண்டுவீச்சு விமானமான பொம்மர் வரும் ஓசைக்கு ஒரு காதைக் கொடுத்தபடி, எங்கள் கல்லூரியின் உயர்தரக் கலைப்பிரிவு மாணவியர் இரண்டாயிரம் ஆண்டுப் பழைமையுடைய போர்ப் பாடல்களைப் படித்தோம்.

பரீட்சைக்கு வேண்டியது எங்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. மறக்குடி மகளிரின் மாண்பு என்று ஒரு கட்டுரை. அதற்கு மூன்று நான்கு மேற்கோள்கள். பெற்று வளர்ப்பது தாயின் கடன், சான்றோனாக்குவது தந்தையின் கடன் என்று முடித்துவிட்டால் புள்ளி கிடைக்கும். எங்கள் தமிழ் ஆசிரியை அந்தக் குறிப்பைத் தந்தார். ஏனெனில் எங்கள் எதிர்காலம் பரீட்சையில்தான் தங்கியிருந்தது. ஆனால் குறிப்பு முடிந்த பின், பாடத்திட்டத்தில் இருந்ததற்கு மேலாகவும் பாடல்களை எடுத்து, ஒவ்வொன்றையும் முழுமையாக வாசித்து, “இதைப் பாடுகிறவர் எங்கே நிற்கிறார், பிள்ளையள்?” என்று கேட்பார். அந்த ஒரு கேள்வியைத்தான் நான் அந்த வகுப்பறையிலிருந்து கனடா வரை கொண்டுவந்திருக்கிறேன்.

ஒக்கூர் மாசாத்தியாரின் 279 ஆம் பாடல் பலருக்கும் மனப்பாடமாக இருக்கும். முன்னொரு நாள் போரில் பிறந்த வீட்டானையும், நேற்றைய போரில் கொண்டவனையும் இழந்த ஒருத்தி, இன்றும் போர்ப்பறை கேட்டதும் தன் ஒரே மகனின் கையில் வேலைக் கொடுத்துக் களத்துக்கு அனுப்புகிறாள். வீரத்தாய்க்கு எடுத்துக்காட்டாக மேடைகளில் ஓயாது சொல்லப்பட்ட பாடல் இது. ஆசிரியை எங்களை நிறுத்திய இடம் வேறு. “பாறுமயிர்க் குடுமி எண்ணெய் நீவி” என்ற வரியில் அவர் நின்றார். பறந்து கிடக்கும் தலைமயிருக்கு எண்ணெய் தடவி, வெள்ளைத் துணி உடுத்தி அனுப்புகிறாள் என்றால் அந்தப் பிள்ளைக்கு என்ன வயது இருக்கும் என்று கேட்டார். எவரும் விடை சொல்லவில்லை. எங்கள் வீடுகளிலும் தலைக்கு எண்ணெய் வைத்துப் பள்ளிக்கு அனுப்பப்படும் தம்பிமார் இருந்தார்கள். “கெடுக சிந்தை” என்று தொடங்கும் புலவர் அந்தத் தாயின் துணிவைக் கண்டு வியக்கிறார் என்பது உண்மைதான். ஆனால் அந்த வியப்புக்குள் திகிலும் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். துணிவை மட்டும் எடுத்துக்கொண்டு எண்ணெய் தடவும் கையை விட்டுவிடுகிறவர்கள் பாட்டின் பாதியைத்தான் படித்திருக்கிறார்கள். அந்தப் பாதி எங்கள் காலத்தில் பெரும் தேவைக்குரியதாக இருந்தது.

கோவூர்கிழாரை அவர் அறிமுகப்படுத்தியது அதற்குப் பிறகுதான். சோழர் குடியைச் சேர்ந்த நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் ஒருவரோடொருவர் போரிட நின்றபோது, எதிரில் நிற்பவன் சூடியிருப்பது பனம்பூவும் அன்று, வேம்பும் அன்று, உன்னுடைய ஆத்தியே அவனுடைய கண்ணியும் என்று சொல்லி, “ஒருவீர் தோற்பினும் தோற்ப நும் குடியே” என்று இடித்துரைத்த புலவர் அவர். தமிழ் ஆயுத இயக்கங்கள் ஒன்றையொன்று அழித்ததைத் தெருவிலேயே கண்டு வளர்ந்த எங்களுக்கு அந்த வரியை விளக்க எவரும் தேவைப்படவில்லை. ஆயினும் என் மனத்தில் ஆழமாக இறங்கியது 46 ஆம் பாடல். சோழன் கிள்ளிவளவன் தன் பகைவனான மலையமானின் பிள்ளைகளை யானைக் காலில் இடுவதற்கு மன்றுக்குக் கொண்டுவந்திருக்கிறான். கோவூர்கிழார் இடையில் புகுந்து, புறாவின் துயர் தீர்த்தவன் மரபில் வந்தவன் நீ என்கிறார். புலவர்களுக்குப் பகுத்துண்ணும் குடியில் பிறந்தவர்கள் இவர்கள் என்கிறார். பிறகு அந்தச் சிறுவர்களைப் பார்க்கச் செய்கிறார். யானையைக் கண்ட வேடிக்கையில் தம் அழுகையை மறந்துவிட்ட புன்தலைச் சிறுவர், கூடியிருக்கும் மன்றைப் பார்த்து மருண்டு, முன் அறியாத புதுத் துயரத்தோடு நிற்கிறார்கள். அவ்வளவுதான். கேட்டாயல்லவா, இனி நீ விரும்பியதைச் செய் என்று பாட்டு முடிகிறது. போரைப் பற்றித் தமிழில் இதற்கு மேலான கவிதையை நான் படித்ததில்லை. அழுதுகொண்டிருந்த சின்னஞ்சிறு பிள்ளைகள் வானத்தில் விமானத்தைக் கண்டதும் அழுகையை நிறுத்தி அண்ணாந்து பார்ப்பதைப் பதுங்குகுழி வாசலில் நாங்கள் எல்லோரும் கண்டிருக்கிறோம்.

நவீன கவிதைகள் எங்களுக்குப் பாடமாக இருக்கவில்லை. கைமாறிக் கைமாறி வந்தன. 1985 இல் வெளிவந்த ‘மரணத்துள் வாழ்வோம்’ தொகுப்பும், 1986 இல் சித்திரலேகா மௌனகுரு தொகுத்த ‘சொல்லாத சேதிகள்’ என்ற பெண்களின் கவிதைத் தொகுப்பும் அட்டை கழன்ற நிலையில் எங்களிடம் வந்து சேர்ந்தன. 1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலானபோது நாங்கள் சிறுவர்கள். அதன் பொருளை எனக்கு உணர்த்தியது எம். ஏ. நுஃமானின் ‘புத்தரின் படுகொலை’. நூலகப் படிக்கட்டில் சுடப்பட்டுக் கிடக்கும் புத்தரைக் காட்டிய அந்தக் கவிதை, எரித்தவர்கள் வழிபடும் ஒருவரையே கொலையுண்டவராக்கி, அந்தக் குற்றம் யாருக்கு எதிரானது என்பதையே மாற்றி வைத்தது. கவிஞர் சிவரமணியோ தடியைத் துப்பாக்கியாக்கி நண்பனை எதிரியாக நினைத்துக் கொல்லும் சிறுவர் விளையாட்டை எழுதினார். அவர் 1991 மே மாதத்தில் தன் கவிதைகளைத் தீயிட்டுத் தன் உயிரையும் மாய்த்துக்கொண்டார் என்ற செய்தி, எழுத ஆசைப்பட்ட எங்கள் வயதுப் பெண்களை எவ்வளவு உலுக்கியது என்பதை இப்போதும் என்னால் முழுமையாகச் சொல்ல இயலவில்லை.

நாங்களும் எழுதினோம். உயர்தர வகுப்பின் தமிழ் மன்றம் கையெழுத்துச் சஞ்சிகை ஒன்றை நடத்தியது. பழைய கணக்குக் கொப்பிகளில் எஞ்சிய ஒற்றைகளைக் கிழித்துத் தைத்து, அழகாக எழுதக்கூடிய ஒருத்தி எல்லாவற்றையும் படியெடுக்க, ஒரே ஒரு பிரதி வகுப்பு வகுப்பாகச் செல்லும். வந்த கவிதைகளில் குருதி ஆறாக ஓடும். விடியல் தவறாமல் வரும். ஆசிரியை எவரையும் கடிந்ததில்லை. எழுதியவரைப் பக்கத்தில் இருத்தி, “பிள்ளை, இதை நீர் கண்டனீரோ? கண்டதை எழுதும்” என்பார். அதன்பின் ஒருத்தி எழுதினாள்: பொம்மர் இரைச்சல் கேட்டு எல்லோரும் குழிக்கு ஓடும்போது, அவளுடைய அம்மம்மா மட்டும் நின்று, அடுப்பு நெருப்பைத் தண்ணீர் தெளித்து அணைத்து, ஊறப்போட்ட அரிசிச் சட்டியையும் தூக்கிக்கொண்டு வருகிறார். கவிதையில் குருதியும் இல்லை, அழைப்பும் இல்லை. தடையின் கீழ் ஒரு பிடி அரிசிக்கு இருந்த மதிப்பும், இன்றிரவும் சமைக்க வேண்டியிருக்கும் என்ற அந்தக் கிழவியின் உறுதியும் அதில் இருந்தன.

ரொறன்ரோவுக்கு வந்தபின் என் மகள், போரில் இறந்தோரை நினைவுகூரும் நவம்பர் 11 க்காக, ஜோன் மக்ரேயின் ‘In Flanders Fields’ என்ற கவிதையைப் பள்ளியில் மனனம் செய்தாள். ஒன்ராறியோவின் குவெல்ப் நகரில் பிறந்த இராணுவ மருத்துவர் அவர். 1915 மே மாதம் பெல்ஜியத்தின் ஈப்பர் அருகே, குண்டுவீச்சில் நண்பனை இழந்ததையொட்டி அதை எழுதினார். சிலுவைகளுக்கிடையே ஆடும் பொப்பிப் பூக்களும், சில நாள்களுக்கு முன்வரை அந்தியின் ஒளியை உணர்ந்து வாழ்ந்தவர்களின் குரலும் எவரையும் கலங்க வைக்கும். கடைசிப் பகுதியில் அதே இறந்தவர்கள் எங்கள் பகையை நீங்கள் ஏற்று நடத்துங்கள் என்கிறார்கள். 1917 இல் கனடாவில் போர்க் கடன் பத்திரங்களை விற்பதற்கு அந்த வரிகள் பயன்பட்டன. மகளோடு அதை வாசித்தபோது எங்கள் ஆசிரியையின் கேள்வியே என் வாயில் வந்தது. இறந்தவனுக்காக அழுவதும், அந்த அழுகையைக் கொண்டே அடுத்தவனை அனுப்புவதும் ஒரே கவிதைக்குள் இவ்வளவு நெருக்கமாக இருக்கக்கூடும் என்பதை ஒக்கூர் மாசாத்தியாரைப் படித்த எவரும் உடனே கண்டுகொள்வார்கள். மக்ரேயை நான் குறைத்து மதிக்கவில்லை. நண்பனைப் புதைத்த மண் ஈரம் காயுமுன் எழுதியவர் அவர். ஆனால் மன்றில் நின்று, கொல்லப்பட இருப்பது பகைவனின் பிள்ளை என்று தெரிந்தும் அதன் முகத்தைப் பார்க்கச் சொன்னவரையே நான் பெரிய கவியென்பேன். மகளுக்கு அந்தப் பாடலையும் பொருள் சொல்லிப் படித்துக் காட்டினேன். அந்தப் பிள்ளைகள் உயிர்தப்பினார்களா என்றுதான் அவள் முதலில் கேட்டாள். பாட்டைக் கேட்டு அரசன் அவர்களை விட்டுவிட்டான் என்றே கொள்ளப்படுகிறது என்றேன்.

எங்கள் சஞ்சிகையின் இதழ்கள் கல்லூரி அலுமாரியில் இருந்தன. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி குடாநாட்டின் வலிகாமப் பகுதி மக்கள் முழுவதும் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து அயற்பகுதியான தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோது அவற்றை எடுத்துச் செல்ல எவரும் நினைத்திருக்க முடியாது; திரும்பிச் சென்றவர்கள் அலுமாரி வெறுமையாக இருந்ததாகச் சொன்னார்கள். ஆயினும், தம்முடைய கவிதையை மட்டும் வேறொரு கொப்பியில் எழுதி வைத்திருந்தவர்கள் அன்று பலர் இருந்தனர். அத்தகைய ஒற்றைகள் எவரிடமாவது இருப்பின், இலண்டனிலோ சிட்னியிலோ பாரிசிலோ எங்கிருந்தாலும், இம்மலரைத் தொகுக்கும் குழுவுக்குப் படியெடுத்து அனுப்பும்படி வேண்டுகிறேன். அம்மம்மாவின் அரிசிச் சட்டியை எழுதியவர் இதைப் படிக்க நேர்ந்தால், அந்தக் கவிதையின் முதல் வரியும் இறுதி வரியும் மட்டுமே எனக்கு நினைவில் இருக்கின்றன. இடையில் உள்ளவற்றை அவர்தான் தரவேண்டும்.