ப்ளஸ் சார்ஜைக் காப்பாற்றும் வேலை

திருப்பூரில் பனியன் துணிக்கு ஃபினிஷிங் செய்யும் யூனிட் ஒன்றின் லேபில் இருக்கிறேன். ஸ்போர்ட்ஸ் டி-ஷர்ட், சாக்ஸ், உள்ளாடை ஆர்டர்களில் 'ஆன்டி மைக்ரோபியல்', அதாவது கிருமி வளரவிடாத ஃபினிஷ், கேட்பது இப்போது சகஜம். அதற்கு நாங்கள் அதிகம் போடுவது குவாட், அதாவது குவாட்டர்னரி அம்மோனியம் வகை.

புதிதாக லேபுக்கு வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது சார்ஜைப் பற்றித்தான். குவாட்டில் ஒரு நைட்ரஜன் அணுவோடு நான்கு கார்பன் தொகுதிகள் சேர்ந்திருக்கும். அதனால் அதன் ப்ளஸ் சார்ஜ், பாத்தின் (துணியை நனைக்கும் மருந்துக் கரைசலின்) பி.ஹெச்., அதாவது அமில-கார அளவு, ஏறினாலும் இறங்கினாலும் போகாது. பாக்டீரியாவின் மேற்பரப்பு மைனஸ். குவாட் அதில் போய் ஒட்டும். அதன் நீண்ட கார்பன் வால் சவ்வுக்குள் நுழைந்து அதைக் குலைத்துவிடும். பென்சல்கோனியம் குளோரைடு என்ற குவாட் கிருமியைக் கொல்லும் என்று ஜெர்மன் விஞ்ஞானி கெர்ஹார்ட் டோமாக் 1935-லேயே எழுதிவிட்டார்.

பருத்தியும் தண்ணீரில் லேசாக மைனஸ்தான். அதனால் சாதாரண குவாட்கூட துணியில் தானாக ஏறும். ஆனால் சோப்புப் பவுடரில் இருப்பது அதைவிடப் பலமான மைனஸ். வீட்டில் சில வாஷ் முடிவதற்குள் குவாட்டைக் கழற்றிக்கொண்டு போய்விடும். இதற்காகத்தான் சிலேன் (சிலிக்கான் சேர்மம்) சேர்த்த குவாட் வந்தது. அதன் ஒரு முனையில் மூன்று மெத்தாக்ஸி தொகுதிகள். தண்ணீரில் அவை உடைந்து சிலனால் ஆகும். பேடிங் ரோலில் துணியை நனைத்துப் பிழிந்து, ஸ்டென்டர் என்ற உலர்த்தும் மெஷினில் 120 டிகிரி வாக்கில் உலர்த்தும்போது, அந்த சிலனால்கள் பருத்தியின் ஹைட்ராக்சிலோடும், அதைவிட முக்கியமாக ஒன்றோடொன்றும் பிணைகின்றன. நாரைச் சுற்றி மெல்லிய வலை விழுகிறது. 18 கார்பன் வால் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்.

பிடித்திருக்கிறதா என்று பார்க்க புரோமோஃபினால் ப்ளூ என்ற சாயத்தின் கரைசல் போதும். ஒரு துண்டை நனைத்து அலசினால், குவாட் இருக்கும் இடம் நீலமாகும். ஓரத்தில் அடர்த்தியாகவும் நடுவில் வெளிறியும் இருந்தால் பேடிங் ரோலின் அழுத்தம் சமமாக இல்லை. எனக்கு மிகவும் பிடித்த டெஸ்ட் இது. ஆனால் அந்த நீலம் 'இங்கே ப்ளஸ் சார்ஜ் இருக்கிறது' என்பதை மட்டும்தான் சொல்கிறது. ரியாக்டிவ் சாயத்துக்குப் போடும் கேட்டயானிக் (ப்ளஸ் சார்ஜ் உள்ள) ஃபிக்ஸர் இருந்தாலும் நீலம் வரும், கேட்டயானிக் சாஃப்ட்னர் இருந்தாலும் வரும். அதனால் ஃபினிஷிங்குக்கு முன்பே அதே லாட்டில் ஒரு துண்டு வெட்டி வைத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். இந்தத் துண்டு இல்லாமல் யார் ரிசல்ட் கொண்டு வந்தாலும் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

புரோமோஃபினால் ப்ளூ குவாட்டைப் பிடிப்பதே தான் மைனஸ் என்பதால்தான். அப்படியென்றால் மைனஸாக உள்ள எதுவும் பிடிக்கும்! சரியாக அலசாமல் தங்கிய சோப், ஆனயானிக் (மைனஸ் சார்ஜ் உள்ள) சாஃப்ட்னர், வெள்ளைத் துணிக்குப் போடும் பிரைட்னர், எல்லாமே. பாத்தில் திரிதிரியாகப் படியும். வெள்ளையின் பளிச் குறையும். கிருமியைத் தொட வேண்டிய சார்ஜ் வேறு எதையோ பிடித்துக்கொண்டு சும்மா இருக்கும். மருந்தின் அளவைக் கூட்டி இதைச் சரிசெய்ய முடியாது. முந்தைய அலசலுக்கு இன்னொரு தண்ணீர் கொடுப்பதுதான் வழி. தண்ணீர் விலையைச் சொல்லி புரொடக்‌ஷனில் முறைப்பார்கள். பரவாயில்லை, இந்த இடத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

அப்புறம், கிருமி வளரும் தட்டில் துணியை வைத்துச் செய்த சோதனையின் ரிப்போர்ட்டைப் பார்த்து "துணியைச் சுற்றி கிருமி வளராத வளையமே இல்லையே" என்று கேட்பவர்கள் உண்டு. இறுகப் பிணைந்த குவாட்டில் வளையம் வரக் கூடாது. வந்தால் மருந்து கசிகிறது என்று பொருள். துணியில் கிருமியை விட்டு 24 மணி நேரம் கழித்து எண்ணும் ஏ.ஏ.டி.சி.சி. 100 போன்ற சோதனைதான் இதற்குப் பொருந்தும்.

ஷிப்ட் முடிவில் தொட்டியில் மிஞ்சும் பாத் பற்றி இந்த ஊரில் பேசாமல் இருக்க முடியாது. கழிவுநீர்ப் பிரச்சினையில் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதைப் பார்த்தவர்கள் நாங்கள். சுத்திகரிப்பு நிலையத்தின் ஏரேஷன் (காற்று ஊதும்) தொட்டியில் கழிவைத் தின்று வேலை செய்வதும் பாக்டீரியாதான். குவாட்டுக்கு அது எந்த பாக்டீரியா என்று தெரியாது. அதனால் ஒரே மருந்து கேட்கும் லாட்களை அடுத்தடுத்து ஓட்டுகிறோம், பாத் அதிகம் மிஞ்சாதபடி சிறிது சிறிதாகத்தான் தயார் செய்கிறோம். கடைசியில் மிஞ்சுவதை ஆனயானிக் சோப்போடு கலந்து படியவைத்து, அந்தப் படிவைத் தனியே எடுத்த பிறகே டிரெயினைத் திறக்கச் சொல்கிறேன்.