மணியாச்சியில் பத்து நிமிடம்

தூத்துக்குடி மாவட்டத்தின் கரிசல் காட்டுக்கு நடுவே இருக்கும் மணியாச்சி, ஊர் என்ற அளவில் ஒரு சிறு கிராமம்தான். மதுரையிலிருந்து தெற்கே வரும் இருப்புப்பாதை திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்குமாக இரண்டாகப் பிரிவது இங்கே என்பதால், ஊரைவிட ரயில் நிலையம் பெரிய பெயரைப் பெற்றுவிட்டது. அந்த நிலையத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 1911-ஆம் ஆண்டின் ஒரே ஒரு காலைப்பொழுதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்தக் காலைப்பொழுது அங்கே ஏன் நிகழ்ந்தது என்பதை விளங்கிக்கொள்ள, அதற்கு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னால் போடப்பட்ட பாதையிலிருந்து தொடங்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

1875-இல் மதுரை வரை வந்து சேர்ந்த தென்னிந்திய ரயில்வேயின் மீட்டர் கேஜ் பாதை, 1876-ஆம் ஆண்டு தொடக்கத்தில் தூத்துக்குடி வரை நீட்டிக்கப்பட்டது. இன்று வரைபடத்தைப் பார்க்கிறவர்களுக்குத் திருநெல்வேலி செல்லும் பாதைதான் முதன்மையானது என்று தோன்றும். அன்றோ சென்னையிலிருந்து புறப்படும் பெருவழி தூத்துக்குடித் துறைமுகத்தில் முடிந்தது. மாவட்டத் தலைநகரான திருநெல்வேலிக்கு மணியாச்சியிலிருந்து ஒரு கிளைப்பாதைதான் கிடைத்தது. பருத்தி ஏற்றுமதியும் கொழும்புக் கப்பலும் அந்த அளவுக்கு முக்கியமானவையாக இருந்தன. அதனால் திருநெல்வேலியிலிருந்து வடக்கே போகிற எவரும் மணியாச்சியில் காத்திருந்து, தூத்துக்குடியிலிருந்து வரும் வண்டியின் இணைப்பைப் பிடிக்க வேண்டியிருந்தது. இந்தக் காத்திருப்புதான் நிலையத்தின் முதல் பணி.

அவ்வாறு தூத்துக்குடியிலிருந்து வந்த வண்டிகளில் புகழ்பெற்றது, கொழும்புக் கப்பலில் வந்து இறங்கியவர்களைச் சென்னைக்கு ஏற்றிச் சென்ற போட் மெயில். அதில் வணிகர்களும் அதிகாரிகளும் பயணம் செய்தார்கள் என்பது பலருக்கும் தெரியும். இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கூட்டிச் செல்லப்பட்ட நம் மக்களில் ஏராளமானோரும் இதே பாதையில்தான் துறைமுகத்துக்குப் போனார்கள் என்பதை நினைப்பவர்கள் குறைவு. மணியாச்சிக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள தட்டப்பாறையில், கப்பல் ஏறுவதற்கு முன் அவர்களைத் தங்கவைத்துச் சோதிக்கும் முகாம் ஒன்று இருந்தது. கைக்குழந்தையும் மூட்டையுமாக அவர்கள் சாளரம் வழியே கடைசியாகப் பார்த்த சொந்த நாட்டு ஊர்களில் மணியாச்சியும் ஒன்று என்பது, அந்த நடைமேடையில் நிற்கும்போதெல்லாம் என் மனத்தைக் கனக்கச் செய்கிறது.

மணியாச்சிக்கு அருகிலுள்ள ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சி., 1906-இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டார். பிரிட்டிஷ் நிறுவனத்தோடு அவர் போட்டியிட்டது இந்தப் பயணிகளுக்காகத்தான் என்பதால், அந்தப் போராட்டம் கடலோடு நின்றுவிடாமல் இருப்புப்பாதையையும் தொட்ட ஒன்று. 1908-இல் அவர் கைதானபோது தூத்துக்குடியில் உதவி ஆட்சியராக இருந்தவர் ஆஷ்.

1911 ஜூன் 17 அன்று, திருநெல்வேலியின் ஆட்சியராக இருந்த அதே ஆஷ், கொடைக்கானலில் இருந்த பிள்ளைகளைப் பார்ப்பதற்காக மனைவியோடு காலை 9.30 மணிக்குத் திருநெல்வேலியில் ரயில் ஏறினார். 10.38-க்கு வண்டி மணியாச்சியை அடைந்தது. போட் மெயில் வரவேண்டிய நேரம் 10.48. அந்தப் பத்து நிமிட இடைவெளியில்தான், செங்கோட்டையைச் சேர்ந்த இருபத்தைந்து வயது வாஞ்சிநாதன் முதல் வகுப்புப் பெட்டியை நெருங்கி ஆஷைச் சுட்டார். பிறகு நடைமேடையில் ஓடிக் கழிப்பறைக்குள் புகுந்து தம்மையும் சுட்டுக்கொண்டு உயிர் துறந்தார். ஓடுகிற ரயிலில் நடந்திருக்க முடியாத செயல் இது. ஆட்சியரே ஆனாலும் மணியாச்சியில் காத்திருந்துதான் ஆக வேண்டும் என்ற கால அட்டவணையின் கட்டாயம், அந்தச் சிறு கிராமத்தை வரலாற்றுக்குள் இழுத்துக்கொண்டது. பிற்காலத்தில் நிலையத்தின் பெயர் வாஞ்சி மணியாச்சி என்று மாற்றப்பட்டது.

இதற்கு மூன்றே ஆண்டுகளில் போட் மெயில் மணியாச்சியை விட்டுப் போய்விட்டது. 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும், இலங்கைக்குச் செல்லும் பெருவழி தனுஷ்கோடி, தலைமன்னார் வழியாக மாறியது. கப்பல் பயணிகளின் கூட்டத்தை இழந்த மணியாச்சி, அதன் பிறகு உள்ளூர் மக்களின் சந்திப்பு நிலையமாகவே தொடர்ந்தது. மீட்டர் கேஜ் அகலப்பாதையாகி, மின்மயமாகி, இப்போது இரட்டைப்பாதையும் வந்துவிட்டது.

நான் அறிந்த மணியாச்சி, பெட்டிகளைப் பிரித்த மணியாச்சி. சென்னையிலிருந்து குருவாயூர் செல்லும் விரைவு ரயிலில் தூத்துக்குடிக்கான பெட்டிகளும் கோக்கப்பட்டு வரும். பகல் முழுதும் ஒரே வண்டியாக வந்தவர்கள் மணியாச்சியில் இரண்டு வண்டிகளாகப் பிரிவார்கள். கடம்பூரில் வாங்கிய போளியை எதிர் இருக்கைக்காரரோடு பகிர்ந்து உண்ட கை உலர்வதற்குள், அவர் நாகர்கோவில் பக்கமும் நாம் தூத்துக்குடிப் பக்கமுமாகப் போய்விடுவோம். தவறான பெட்டியில் ஏறியவர்கள் குழந்தைகளையும் பைகளையும் தூக்கிக்கொண்டு நடைமேடையில் ஓடுவதை ஒவ்வொரு முறையும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு வழிகாட்டுவதைப் பயணிகள் எல்லோரும் தங்கள் கடமையாகவே எடுத்துக்கொண்டார்கள். முன்பகுதி புறப்பட்டுப் போன பின்பு, என்ஜின் இல்லாமல் நிற்கும் எங்கள் பெட்டிகளில் ஓர் அமைதி இறங்கும். வேறு என்ஜின் வந்து பொருந்தும் அதிர்வு ஒவ்வொரு பெட்டியாகக் கடந்து வரும்வரை, இறங்கித் தேநீர் குடிக்க நேரம் இருக்கும்.

அந்த இணைப்பு முறை இப்போது இல்லை. முத்துநகர் விரைவு ரயில் தூத்துக்குடியிலிருந்து நேரே சென்னைக்குப் போகிறது. என்ஜினுக்காகக் காத்திருந்த வேளைகளில் அந்த நடைமேடையின் முழு நீளத்தையும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நான் பலமுறை நடந்திருக்கிறேன். நிதானமாக நடந்தாலும் பத்து நிமிடம் ஆவதில்லை.