நன்றிப் பலகை

"நாங்களும் எழுதலாமா தம்பி?"

பெங்களூரு வைட்ஃபீல்டில் உள்ள எங்கள் அலுவலகத்தில் இன்று 'மகிழ்ச்சி வாரம்' தொடக்கம். பேன்ட்ரி சுவரில் நன்றிச் சீட்டு ஒட்ட ஒரு பலகை. கேட்டவர் ஹவுஸ்கீப்பிங் அக்கா, தர்மபுரிக்காரர்.

"தாராளமா எழுதுங்கக்கா."

மஞ்சள் சீட்டில் நிதானமாக எழுதி ஒட்டினார்: 'கப்பைக் கழுவி வைக்கிறவங்களுக்கு நன்றி.'

கீழே சிங்க்கில் காபி காய்ந்துபோன கப்புகள். ஒன்றில் 'எப்போதும் புன்னகை செய்' என்று அச்சிட்டிருந்தது. சிரிப்பை அடக்க முடியவில்லை.

2001-இல் ஆய்வாளர்கள் ஏமி ரெஸ்னெவ்ஸ்கியும் ஜேன் டட்டனும் 'ஜாப் கிராஃப்டிங்' (செய்யும் வேலையை ஊழியரே தனக்கேற்ப வடிவமைத்துக்கொள்வது) பற்றி எழுதியபோது, மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்களைத்தான் உதாரணம் காட்டினார்கள். ஒரே வேலைதான். ஆனால் சிலர் அதை நோயாளி குணமாவதில் தங்கள் பங்காகவே பார்த்தார்கள். எனக்குப் பிடித்த ஆய்வு. (மேலாளர்கள் இதை "நீயே அர்த்தம் தேடிக்கோ" என்று சுருக்கிவிடுவார்கள், அது வேறு கதை.)

ஊழியரின் மனநிலையை மாற்றினால் போதுமா என்ற கேள்வியில் இப்போது காற்று கொஞ்சம் திசை மாறுகிறது. 2024-இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் வில்லியம் ஃப்ளெமிங், பிரிட்டனில் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 ஊழியர்களின் தரவை அலசினார். மைண்ட்ஃபுல்னஸ் (இந்தக் கணத்தில் கவனம் வைக்கும் பயிற்சி) வகுப்பு, மனஉறுதிப் பயிற்சி, நலச் செயலி... இவற்றில் சேர்ந்தவர்கள் சேராதவர்களைவிட நன்றாக இருந்ததாகத் தெரியவில்லை. தன்னார்வத் தொண்டு மட்டும் விதிவிலக்கு.

ஒரே சமயத்தில் எடுத்த கணக்கெடுப்புதான், இதையே முடிவான தீர்ப்பாகக் கொள்ள முடியாது. சரி. ஆனால் ஆளை மாற்றுவதற்கு முன் வேலையை மாற்றுங்கள் என்று அவர் சொல்வது நியாயமாகப் படுகிறது.

எங்கள் மகிழ்ச்சி வார அட்டவணையில் தியானம் இருக்கிறது, சிரிப்பு யோகா இருக்கிறது. ஷிப்ட் நேரம் பற்றி ஒரு வரி இல்லை. நாளைக்கு ஹெச்.ஆரிடம் கேட்கப் போகிறேன்.