அடுத்தவர் குதிரை

“எழுதி வாங்காமல் அடுத்தவர் குதிரையை யாராவது வீட்டில் கட்டுவார்களா?” என்று மேலாளர் சிரித்துக்கொண்டே கேட்டார். சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்த சீனப் பெண்மணி. நல்ல மனுஷி, ஆடி நோன்புக்கு விடுப்புக் கேட்டால்கூட முகம் சுளிக்கமாட்டார். அன்றைக்கு அவர் கையில் இருந்தது குவீன்ஸ்லாந்திலிருந்து வந்த கோப்பு. சில ஏக்கர் நிலத்தோடு வீடு வைத்திருக்கும் ஒருவர், தெரிந்தவர்களின் குதிரைகளை வாராவாரம் பணம் வாங்கிக்கொண்டு தன் நிலத்தில் விட்டிருக்கிறார். வீட்டுக் காப்புறுதி அதற்கும் செல்லுமா என்று கேட்டிருந்தார். ஆஸ்திரேலியக் கோப்புகளைப் பார்ப்பதுதான் ராஃபிள்ஸ் பிளேஸில் இருக்கும் காப்புறுதி நிறுவனத்தில் எங்கள் பிரிவுக்கு வேலை. நானும் கூடச் சேர்ந்து சிரித்துவைத்தேன். “எங்கள் அப்பாரு கட்டினார்” என்று தாத்தாவைப் பற்றிச் சொல்ல வந்தது தொண்டையோடு நின்றுவிட்டது.

அந்தியூர்ப் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆடியில் புதுப்பாளையம் குருநாதசாமி கோயில் பண்டிகைக்கு மார்வாரி, கத்தியவாரி என்று குதிரைகள் வந்து இறங்கும். சந்தைத் திடலில் இடம் பிடிக்காதவர்கள் அக்கம்பக்கத்துத் தோப்புகளில் கட்டுவார்கள். எங்கள் தென்னந்தோப்புக்கு மைசூர்ப் பக்கத்திலிருந்து ஒருத்தர் வருவார். அவருடைய அப்பா காலத்திலும் எங்கள் தோப்புதானாம். முளைக்குச்சி அடித்துக் கட்டிவிட்டு, கொள்ளு ஊறவைக்க ஆத்தாவிடம், அதாவது பாட்டியிடம், அண்டா கேட்பார். அவர் சந்தைக்கும் கோயிலுக்கும் போய் வரும்வரை தண்ணீர் காட்டுவது எங்கள் பொறுப்பு. வாடகைப் பேச்சே கிடையாது. சாணியைத் தென்னைக்கு விட்டுவிட்டுப் போவார், அதோடு கணக்குத் தீர்ந்தது.

சிங்கப்பூரில் நான் நன்றாகவே வேர்பிடித்துவிட்டேன் என்றுதான் ஊரில் சொல்லிவைத்திருக்கிறேன். உணவங்காடியில் டிஷ்யூ பொட்டலம் வைத்து இடம் பிடிக்கிறேன். பாலும் சர்க்கரையும் இல்லாத கோப்பி ஓ கொசோங் கேட்கும்போது நாக்கு தடுமாறுவதில்லை. பணிப்பெண் எடுத்தபோது, ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) அவருக்கு மருத்துவக் காப்புறுதி வேண்டும் என்றார்கள், மறுபேச்சில்லாமல் எடுத்தேன். ஆனால் உட்லண்ட்ஸிலிருந்து ஜூரோங் ஈஸ்ட் வழியாக நான் வேலைக்குப் போகிற ரயில் கிராஞ்சியில் நிற்கும். அங்கேதான் குதிரைப் பந்தயத் திடல் இருக்கிறது. 1842-இல் தொடங்கிய கழகம், 2024 அக்டோபர் 5-ஆம் தேதி கடைசிப் பந்தயத்தை நடத்தி முடித்துக்கொண்டது. நிலம் அரசாங்கத்துக்குத் திரும்புகிறது, வீடுகள் வருமாம். பந்தயம் நடந்த காலத்தில் நான் ஒரு நாளும் உள்ளே போனதில்லை, சூதாட்டம் என்றால் அம்மாவுக்கு ஆகாது. மூடிய பிறகுதான் கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறேன். ரேஸ் கோர்ஸ் ரோட்டில் வாழையிலைச் சாப்பாட்டுக்குப் போனாலும் இதே கதைதான். 1933 வரை அந்தப் பக்கத்தில் நிஜமாகவே குதிரை ஓடியிருக்கிறது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். ரசத்தை ஊற்றிக்கொண்டு, கொள்ளு எந்தக் கடையில் வாங்கியிருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நான் இருப்பதோ வீவக வீடு, அதாவது அரசாங்கம் கட்டிய அடுக்குமாடி வீடு. பூனை வளர்க்கவே 2024 செப்டம்பரில்தான் அனுமதி வந்தது, அதுவும் வீட்டுக்கு இரண்டு, உரிமத்தோடு. இந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு, கண்ணுக்கெட்டாத தூரத்தில் மேய்கிற குதிரைக்கு யார் பொறுப்பு என்று நான் முடிவுசெய்கிறேன்.

கோப்புக்கு வருகிறேன். அடுத்தவர் குதிரையைக் கூலிக்குத் தன் நிலத்தில் விட்டுக்கொள்வதை ஆஸ்திரேலியாவில் அஜிஸ்ட்மென்ட் என்பார்கள். கூலி வாங்கினால் காப்புறுதி நிறுவனங்கள் அதைப் பெரும்பாலும் தொழிலாகவே பார்க்கும். வீட்டுக் காப்புறுதியில் பிறருக்கு நேரும் தீங்குக்கான பகுதி பெரும்பாலும் தொழிலைத் தொடாது. ஆகவே பொதுப் பொறுப்புக் காப்புறுதி தனியாக எடுக்க வேண்டும். அங்கே ஒரு கோடி, இரண்டு கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு எடுப்பது சாதாரணம். தொகையைப் பார்த்து மலைக்க வேண்டாம். யாரோ படலைச் சாத்தாமல் விட்டு, இருட்டில் குதிரை நெடுஞ்சாலைக்குப் போய், அதன்மேல் கார் மோதினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தால் போதும்.

இதுவரை எனக்கு மனத்தாங்கல் இல்லை. அடுத்த பக்கத்தில்தான் வந்தது. அந்தப் பொதுப் பொறுப்புக் காப்புறுதியிலேயே ஒரு விலக்கு உண்டு. உங்கள் பராமரிப்பில், உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும் பிறர் உடைமைக்கு நேரும் சேதத்துக்குப் பணம் கிடையாது. வழிப்போக்கனைக் குதிரை உதைத்தால் தருவார்கள். அந்தக் குதிரையே உங்கள் முள்கம்பியில் கால் கிழிந்து விழுந்தால் தரமாட்டார்கள், ஏனென்றால் அது உங்களை நம்பி விடப்பட்டது. அதற்கென்று தனிக் கட்டணம் கட்டி ஒரு சேர்ப்பு வாங்க வேண்டும். குதிரைக்காரர் தன் குதிரையின் உயிருக்குக் காப்புறுதி எடுத்திருந்தாலும் நிலத்துக்காரர் நிம்மதியாக இருக்க முடியாது. அவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, உங்கள் கவனக்குறைவுதான் காரணம் என்று அந்த நிறுவனம் உங்களிடம் வசூலிக்க வரலாம்.

காரணம் எனக்குத் தெரியாமலில்லை. கையில் இருக்கிற பொருளைப் பார்த்துக்கொள்வது வைத்திருப்பவன் வேலை. அதற்கும் சும்மா காப்புக் கொடுத்தால் எவனும் வேலி கட்டமாட்டான். நியாயம்தான். ஆனாலும் எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. ஊரில் ஒருவன் “உங்களை நம்பித்தான் விட்டுட்டுப் போறேனுங்க” என்று சொன்னால், அந்த ஒரு பேச்சுக்காகவே அப்பாரு ராத்திரி இரண்டு தரம் எழுந்து தோப்புக்குப் போவார். இங்கே அதே பேச்சைச் சொன்ன நிமிடத்தில் காப்பு விலகிக்கொள்கிறது. பதில் கடிதத்தை மரியாதையாகத்தான் அடித்தேன். மேலாளருக்குப் பிடித்திருந்தது.

அப்பாருவின் பெருமையை இத்தோடு நிறுத்தினால் ஆத்தா சும்மா விடமாட்டாள். ஓர் ஆடியில், மைசூர்க்காரர் கோயிலுக்குப் போயிருந்தபோது அவருடைய குதிரை வயிற்று வலியால் துடித்தது. படுப்பதும் எழுவதும் தன் வயிற்றையே திரும்பிப் பார்ப்பதுமாக இருந்தது. படுத்துப் புரண்டால் குடல் முறுக்கிக்கொள்ளும் என்று அப்பாரு கயிற்றைப் பிடித்து வரப்பில் நடத்திக்கொண்டே இருந்தார். அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு மாட்டு டாக்டரைத் தேடிப் போனார். டாக்டர் வந்து ஊசி போட்டும் விடிவதற்குள் போய்விட்டது. திரும்பி வந்த மைசூர்க்காரர் அழுதார், ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அப்பாருவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. “எங்க தோப்புல போச்சு” என்று சொல்லி ஆத்தாவின் வளையலை அடகு வைத்துப் பணம் கொடுத்தார். வளையல் திரும்பவே இல்லை. மறு வருஷம் அதே மனுஷர் வேறொரு குதிரையோடு வந்து நின்றார். ஆத்தா வாசலிலிருந்தே சொன்னாள்: “என்ற வளையலு கட்டியிருந்த எடத்துலயே கட்டச் சொல்லுங்க!” சொல்லிவிட்டு அண்டாவையும் எடுத்துக் கொடுத்தாள்.

அப்பாருவிடம் கட்டுக்கட்டாகக் காப்புறுதிப் பத்திரங்கள் இருந்திருந்தாலும், அந்தச் சேர்ப்பை வாங்கியிருந்தாலொழிய ஆத்தாவின் வளையல் போயிருக்கும். அதை வாங்கியிருந்தாலும், கவனக்குறைவு இருந்ததா என்று கேட்டுத்தான் கொடுப்பார்கள். ராத்திரி முழுக்க நடத்தியவரிடம் என்ன கவனக்குறைவு? ஆக அப்போதும் ஒன்றும் வந்திருக்காது. மேலாளரிடம் சொல்ல நினைத்ததைச் சொல்லாமல் விட்டதும் நல்லதுதான். கவனக்குறைவு இருந்ததா என்பதுதான் அவர் முதலில் கேட்கும் கேள்வியாக இருக்கும்.

மைசூர்க்காரரின் மகன் இந்த ஆடிக்கும் வருகிறாராம். அம்மாவுக்கு ஒரு பக்கத் தாள் அடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். யாருடைய குதிரை, தடுப்பூசி போட்டிருக்கிறதா, ஏற்கெனவே என்ன நோய், யாரெல்லாம் ஏறலாம், குதிரை யாரையாவது உதைத்தால் யார் பொறுப்பு. கடைசியில் ஒரு வரி: உடம்புக்கு முடியாமல் போய், சொந்தக்காரர் போனை எடுக்காவிட்டால், எந்த டாக்டரைக் கூப்பிடுவது, எவ்வளவு வரை செலவு செய்யலாம்.

உடனே கூப்பிட்டாள். “ஏங்கண்ணு, உன்ற கல்யாணத்துக்கு வந்து மொய் வெச்சவருகிட்டயா கையெழுத்து வாங்கச் சொல்ற?”

“எல்லாத்துக்கும் நல்லதுதாம்மா.”

“நல்லதுதான், ஆரு இல்லைன்னா? அவரு என்ன நெனைப்பாரு?” கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, “அந்தக் கடைசி வரியை மட்டும் கேட்டு வெச்சுக்கறேன். டாக்டரு நம்பரு வேணுமில்ல. மத்ததெல்லாம் வேண்டாம் சாமி” என்றாள்.

தம்பிக்கு மட்டும் தாள் முழுசாகப் பிடித்துவிட்டது. பண்டிகைக்கு வருகிறவர்களின் கார்களைத் தோப்பில் நிறுத்தவிட்டுக் காசு வாங்குவது இப்போது அவன்தான். ராத்திரி குரல் பதிவு அனுப்பியிருந்தான்: “அக்கா, காருக்கும் இதே மாதிரி ஒண்ணு அடிச்சுக் குடு. போன வருஷம் ஒருத்தன் கண்ணாடி ஒடஞ்சிருச்சுன்னு சண்டைக்கு வந்துட்டான்.”