சாக்குக்கும் ஈரத்துக்கும் பிடித்தம்

கோத்தகிரிப் பக்கம் மழைக்காலத்தில் பச்சைத் தேயிலை எடை போடும் இடத்தில் ஒருநாள் நின்றிருந்தால் போதும், நான் சொல்லவருவது புரிந்துவிடும். சாக்குக்கென்று கொஞ்சம், இலை நனைந்திருக்கிறதென்று கொஞ்சம் கழிப்பார்கள். கழிப்பது நியாயம்தான். ஆனால் எவ்வளவு என்பதை வாங்குகிறவர் மட்டும்தான் முடிவு செய்வார், இலை விற்கிற எங்கள் சீட்டில் வெயில் நாளிலும் ‘பிடித்தம்’ என்று மொத்தமாக ஒரே எண் இருக்கும். அம்மா அந்தச் சீட்டுகளை வேதாகமத்துக்குள் மடித்து வைத்திருப்பார்.

போன மாதம் ஜெபக்கூட்டத்தில் யாக்கோபு 5:4 வாசித்தோம். "இதோ, உங்கள் வயல்களை அறுத்த வேலைக்காரருடைய கூலி உங்களால் அநியாயமாய்ப் பிடிக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது." ‘பிடிக்கப்பட்டு’ என்றதும் அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். சபையாகச் சேர்ந்து எடை விஷயத்தை எழுதிக் கேட்கலாமே என்றேன். மூத்த அண்ணன் ஒருவர், "அதெல்லாம் உலகக் காரியம் தம்பி. இராயனுடையதை இராயனுக்குச் செலுத்துங்கள் என்று ஆண்டவரே சொல்லிவிட்டாரே" என்றார்.

அவர் நல்லவர், எங்கள் வீட்டுத் துக்கத்துக்கெல்லாம் முதலில் வந்து நின்றவர். ஆனாலும் அந்த வசனத்தை அவர் பாதியில் நிறுத்தியது எனக்குப் பொறுக்கவில்லை. ‘தேவனுடையதைத் தேவனுக்கும்’ என்பது மீதிப் பாதி. வரிக்காசைக் காட்டச் சொல்லி, இந்தச் சுரூபம், அதாவது உருவம், யாருடையது என்று இயேசு கேட்கிறார். காசில் ரோமப் பேரரசனான இராயன் முகம் இருக்கிறது, அது அவனுக்குப் போகட்டும். தேவசாயலாகப் படைக்கப்பட்ட மனுஷன் தேவனுக்கு உரியவன் என்று ஆதிச் சபையின் எழுத்தாளர் தெர்த்துல்லியன் அந்தக் காலத்திலேயே விளக்கியிருக்கிறார். அப்படியானால் அட்டைக்கடியோடு சரிவில் நின்று இலை பறிக்கிறவளின் உழைப்பு எப்படி உலகக் காரியம் ஆகும்? 1934-இல் ஜெர்மனியில், நாஜிகள் சபைக்குள் புகுந்த நேரத்தில், பார்மெனில் கூடிய சபையாரும் இதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். இறையியலாளர் கார்ல் பார்த் பெரும்பாலும் எழுதி, அவர்கள் வெளியிட்ட அறிக்கை, வாழ்க்கையில் கிறிஸ்துவுக்கு அல்லாமல் வேறு எஜமான்களுக்கு உரிய பகுதி உண்டு என்ற போதனையைத் தள்ளிவிடுகிறது. அவர்கள் பட்ட ஆபத்து எங்கே, எங்கள் தராசு எங்கே, ஒப்பிடவே மாட்டேன். ஆனால் "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது" என்று நீதிமொழிகளில் இருக்கும்போது, தராசைப் பற்றிச் சபையில் பேசக்கூடாது என்றால் எங்கே பேசுவது?

சபை கட்சி மேடை ஆகக்கூடாது, அதில் எனக்கும் சந்தேகமில்லை. இன்னொன்றும் சொல்லவேண்டும், யாக்கோபு பேசுவது கூலியைப் பற்றி. நாங்கள் இலை விற்கிறவர்கள், அதே சமயம் கூலிக்கு ஆள் வைக்கிறவர்களும். விலை இறங்கின வாரம் பறிக்க வந்த அக்காவுக்கு மிச்சத்தை அடுத்த வாரம் தருகிறேன் என்று நானே சொல்லியிருக்கிறேன். அன்று ராத்திரி அந்த வசனம் என்னைத் தூங்கவிடவில்லை, மறுநாள் காலை போய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

அப்புறம் கடிதம் எழுதினோம். கேட்டிருப்பது ஒன்றுதான்: கழிப்பது இலை கொண்டுவந்தவர் கண்முன் நடக்கட்டும், சாக்குக்கு எவ்வளவு, ஈரத்துக்கு எவ்வளவு என்று சீட்டில் தனித்தனியாக எழுதட்டும். இதுவரை 11 பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அண்ணன் இன்னும் போடவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போகிறேன், அம்மாவும் வருகிறேன் என்கிறார்.