கருத்தடை செய்த முயல் இன்னும் ஏன் ஏறுகிறது?

ஆபரேஷன் முடிந்து தையலும் ஆறிவிட்டது. ஆனாலும் ஆண் முயல் பெண் முயலைச் சுற்றிச் சுற்றி வந்து, அடித்தொண்டையில் முனகிக்கொண்டே முதுகில் ஏறுகிறது. சில ஜோடிகளில் பெண் முயலே ஆணின் மேல் ஏறும். "ஆபரேஷனைச் சரியாகச் செய்யவில்லையோ?" என்பதுதான் எல்லோருக்கும் முதலில் வரும் சந்தேகம். பெரும்பாலும் அது தேவையில்லாத சந்தேகம். ஆபரேஷன் முடிந்து எத்தனை வாரம் ஆகிறது, உடம்பில் எந்தப் பக்கமாக ஏறுகிறது, கீழே இருக்கும் முயல் என்ன செய்கிறது என்று பார்த்தாலே, விட்டுவிடலாமா, பிரிக்க வேண்டுமா, டாக்டரிடம் போக வேண்டுமா என்பது தெரிந்துவிடும்.

முதலில் வாரக் கணக்கு. விதைகளை எடுத்ததும் அவற்றிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் சுரப்பது நின்றுவிடும். ஆனால் நடத்தை அதே வேகத்தில் மாறாது. ஏறுவது, சிறுநீர் பீய்ச்சுவது, பிற முயல்களைத் துரத்துவது எல்லாம் அடங்க நாலு முதல் ஆறு வாரம் ஆகும். சில ஆண்களுக்கு எட்டு வாரம்கூட ஆகலாம். இதைவிட முக்கியமான விஷயம், விந்துக்குழாயில் ஏற்கெனவே தங்கியிருக்கும் விந்தணுக்கள். ஆபரேஷன் முடிந்து சில வாரங்கள் வரை ஆண் முயலால் இன்னும் சினைப்படுத்த முடியும். ஆகவே கருத்தடை செய்யாத பெண் முயல் வீட்டில் இருந்தால் ஆறு வாரம் முழுக்கத் தனியே வைக்க வேண்டும். "கண் முன்னாலேயே விளையாடட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடக் கூடாது. முயல்கள் கூடுவது சில விநாடிகளில் முடிந்துவிடும். நாய்க்கு இருப்பதுபோலப் பருவ சுழற்சி வரட்டும் என்று முயலின் கருமுட்டை காத்திருப்பதும் இல்லை. கூடிய பிறகுதான், சுமார் பத்து மணி நேரத்தில், கருமுட்டை வெளிவரும். ஒரு மாதத்தில் குட்டிகள் வந்துவிடும்.

பெண்ணுக்கும் கருத்தடை ஆகியிருந்தால் சினை பயம் இல்லை. ஆனால் அவளுக்கு வயிற்றில் தையல் இருக்கிறது. ஆண் ஏறும்போது முன்னங்கால் அழுத்தமும் உடல் எடையும் அந்தத் தையலுக்கு ஆகாது. குறைந்தது இரண்டு வாரம் தனித்தனியாக, ஒருவரை ஒருவர் பார்க்கும்படி கம்பித் தடுப்பு வைத்து விடுங்கள். ஒற்றைத் தடுப்பு போதாது. கம்பி வழியாக மூக்கைக் கடித்துக்கொள்ளும். இரண்டு தடுப்புகளை ஒரு கையகல இடைவெளி விட்டு நிறுத்துவதே சரி. விரிப்பையும் மலத்தட்டையும் இடம் மாற்றி வைத்தால் வாசனை பழகும்.

ஹார்மோன் அடங்கிய பிறகும் ஏறுவது ஏன்? முயல் சமூகத்தில் யார் மேல், யார் கீழ் என்று பேசித் தீர்த்துக்கொள்ளும் வழிகளில் இதுவும் ஒன்று. அதனால்தான் ஆண் ஆணின் மேலும், பெண் பெண்ணின் மேலும், பெண் ஆணின் மேலும் ஏறுவதைப் பார்க்கிறோம். வயது முற்றிய பிறகு, அதுவும் ஏற்கெனவே பெண்ணோடு கூடிப் பழகிய பிறகு, கருத்தடை செய்த ஆணுக்குப் பழக்கமும் சேர்ந்துகொள்ளும். தீனி வரும் நேரத்திலும் புது இடத்துக்கு வந்த பரபரப்பிலும் சில முயல்கள் ஏறும். இவற்றில் எதுவும் நோய் இல்லை.

உண்மையான கூடல் எப்படி இருக்கும் என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. ஆண் பின்புறமாக ஏறி, முன்னங்கால்களால் இடுப்பை இறுகப் பற்றி, மிக வேகமாக இடுப்பை அசைக்கும். பிறகு உடம்பு விறைத்து, ஒரு சின்னக் கிறீச்சொலியோடு பக்கவாட்டில் சாய்ந்து விழும். கருத்தடை ஆன ஆணும் தொடக்க வாரங்களில் இதை அப்படியே செய்யலாம். ஒரு சில ஆண்கள் அதன் பிறகும் செய்யும். விழுந்ததைப் பார்த்து மயக்கம் என்று பயப்பட வேண்டாம். அடுத்த நொடியே எழுந்துவிடும். மேலாண்மை காட்ட ஏறுவது இப்படி முடியாது. ஏறும், கொஞ்சம் பற்றிக்கொண்டிருக்கும், இறங்கிப் போகும்.

புதிதாக ஜோடி சேர்க்கும்போதுதான் இதெல்லாம் உச்சத்தில் இருக்கும். இருவருமே பழகாத இடமாகப் பார்த்து, தரையில் வழுக்காத விரிப்புப் போட்டு, முதல் சந்திப்பைப் பத்துப் பதினைந்து நிமிடத்தோடு நிறுத்துங்கள். வழுக்குத் தரையில் கீழே இருக்கும் முயலின் பின்னங்கால்கள் விரிந்து இடுப்பு சுளுக்கிக்கொள்ளும். ஒளிந்துகொள்ளப் பெட்டி வைத்தால் அதற்கு இரண்டு வாசல் இருக்க வேண்டும். ஒரே வாசல் என்றால் உள்ளே போன முயல் மாட்டிக்கொள்ளும்.

பின்புறமாக ஏறினால் பத்து, இருபது விநாடி விட்டுவிடுங்கள். கீழே இருப்பது தலையைத் தாழ்த்தி அசையாமல் இருந்தால் அது ஒப்புக்கொள்கிறது என்று அர்த்தம். அதற்கு மேல் நீண்டால் மெதுவாக இறக்கிவிட்டு, இருவரின் நெற்றியையும் சேர்த்துத் தடவிக் கொடுங்கள். வெறும் ஏறுதலுக்காக ஒவ்வொரு முறையும் குறுக்கிட்டால் யார் பெரியவர் என்ற கேள்வி தீராது. அடுத்த சந்திப்பில் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஜோடி சேராமல் போவதற்குக் கடியைவிட மனிதர்களின் அவசரமே பெரிய காரணம் என்பது என் கருத்து.

ஆனால் தலைப் பக்கமாக ஏறினால் ஒரு விநாடிகூடக் காத்திருக்காதீர்கள். அப்போது மேலே இருக்கும் முயலின் பிறப்புறுப்பு கீழே இருக்கும் முயலின் வாய்க்கு நேராக இருக்கிறது. அது பயந்து ஒரு கடி கடித்தால் போதும், ரத்தப்போக்கு, வீக்கம், சிறுநீர் கழிக்க முடியாத நிலை என்று விபரீதமாகிவிடும். சாதுவான முயலும் மூச்சு முட்டினால் கடிக்கும். தடித்த கையுறை போட்ட கையை இருவருக்கும் நடுவில் நுழைத்து, மேலே இருப்பதன் நெஞ்சுக்கடியில் ஒரு கையும் புட்டத்துக்கடியில் ஒரு கையும் கொடுத்துத் தூக்கித் திருப்பி விடுங்கள். பிடரியையோ பின்னங்காலையோ பிடித்து இழுக்கக் கூடாது. முயலின் எலும்பு லேசானது, பின்னங்கால் தசையோ பலமானது. பின்னுடல் பிடிமானமில்லாமல் தொங்கும்போது உதைத்தால் இடுப்புப் பக்க முதுகெலும்பே முறியும், பின்னங்கால்கள் செயலற்றுப் போகும்.

தண்ணீர் பீய்ச்சிப் பிரிக்கும் வழக்கம் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நனைந்த முயல் மற்றதைப் பார்த்தாலே பயப்படக் கற்றுக்கொள்ளும்.

காது பின்னால் ஒட்டி, வால் நிமிர்ந்து, ஒன்றை ஒன்று வட்டமாகத் துரத்த ஆரம்பித்தால் அது சண்டையின் தொடக்கம். அங்கே நிறுத்திவிடுங்கள். சந்திப்பு முடிந்ததும் இருவரின் உடம்பையும் விரலால் ரோமத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும், முக்கியமாகப் பிடரி, காது, அடிவயிறு, பிறப்புறுப்பு. பல் பட்ட இடம் ரோமத்துக்குள் ஊசிக்குத்து அளவுதான் தெரியும். முயலின் சீழ் பற்பசைபோலக் கெட்டியாக இருப்பதால் தானாக வடியாது. சில நாளில் கட்டியாகத் திரண்டுவிடும்.

ஜோடி சேர்ந்த பிறகும் வாரம் ஒருமுறை இருவரையும் எடை போடுங்கள். எப்போதும் ஏறப்படும் முயல் தீனித்தட்டிலும் ஒதுக்கப்படலாம். உலர்புல்லை இரண்டு இடத்தில் வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். அரை நாள் சாப்பிடாமலோ புழுக்கை போடாமலோ இருந்தால் அது ஜோடிப் பிரச்சினை இல்லை, குடல் நின்றுபோகும் அவசர நிலை.

மனிதக் காலைச் சுற்றி வந்து ஏறும் முயலைக் காலால் தள்ளாதீர்கள். தள்ளுவதை அது விளையாட்டாகவோ சண்டையாகவோ எடுத்துக்கொள்ளும். அசையாமல் நின்று, கையால் இறக்கி, கவனத்தைத் தீனியின் பக்கம் திருப்புங்கள்.

பெண் முயல் வாயில் புல்லைக் கவ்விக்கொண்டு அலைவதும், கழுத்து மடிப்பிலிருந்து ரோமத்தைப் பிடுங்கிக் கூடு கட்டுவதும் பொய்ச்சினையின், அதாவது சினை இல்லாமலே சினையானதுபோல நடந்துகொள்வதன், அடையாளம். கருத்தடை ஆகாத பெண்ணின் மேல் இன்னொரு பெண் ஏறினால்கூட இது வரும், பதினாறு பதினெட்டு நாள் நீடிக்கும். அந்த நிலையில் இருக்கும்போதே ஆபரேஷன் நடந்திருந்தால், முடிந்த சில நாட்களுக்குள் கூடு கட்டி, பிறகு அடங்கிவிடலாம். மாதங்கள் கழித்துத் திரும்பத் திரும்பக் கட்டினால் சினைப்பையின் ஒரு துண்டு உள்ளே தங்கியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும்.

அடங்கிப்போன நடத்தை திடீரென்று திரும்பி வந்தால் அதற்குக் காரணம் தேட வேண்டும். விதை இறங்கி வரும் வழியான கவட்டுத் துளை முயலுக்கு வாழ்நாள் முழுக்கத் திறந்தே இருப்பதால் விதை வயிற்றுக்குள் ஏறிவிட முடியும். ஒரு விதை கீழே இறங்காமலே போவதும் உண்டு. "இரண்டையும் எடுத்தீர்களா?" என்று ஆபரேஷன் செய்தவரிடம் நேரடியாகக் கேளுங்கள். தத்தெடுத்த முயல் என்றால் கருத்தடை ஆனதா என்பதையும், ஆணா பெண்ணா என்பதையும் மறுபடி உறுதி செய்யுங்கள். குட்டியில் தவறாகச் சொல்லப்படுவது சாதாரணம். வயதான, பல ஆண்டு அமைதியாக இருந்த ஆண் திடீரென்று ஏறி, கடித்து, சிறுநீர் பீய்ச்சினால், சிறுநீரகத்தை ஒட்டி ஹார்மோன் சுரக்கும் அட்ரீனல் சுரப்பியில் கட்டி இருக்கலாம். ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் அளவும் வயிற்று ஸ்கேனும் அதைக் காட்டும்.

பலர் கவனிக்கத் தவறுவது கீழே இருக்கும் முயலை. ஒன்று நோயில் தளர்ந்தால் மற்றது அதன் மேல் அடிக்கடி ஏறத் தொடங்கும். ஏறுகிறவனைக் குற்றம் சொல்வதற்கு முன் ஏறப்படுவதன் பல், மூட்டு, எடை மூன்றையும் பரிசோதியுங்கள். ஒன்றை மட்டும் மருத்துவமனைக்குக் கொண்டுபோய்த் திரும்பினால் அந்த வாசனையாலேயே பழைய தகராறு கிளம்பும். ஆகவே போகும்போது இருவரையும் ஒரே கூடையில் கொண்டுபோங்கள்.

ஆபரேஷன் தேதியையும் ஏறுவது எப்போது தொடங்கியது என்பதையும் எழுதிக்கொண்டு, வீட்டில் நடப்பதை ஃபோனில் ஒரு நிமிட வீடியோவாக எடுத்துப் போங்கள். டாக்டரின் மேஜையில் முயல் பயத்தில் உறைந்துவிடும், வீட்டில் செய்ததை அங்கே செய்து காட்டாது.